ஒரு கட்டடம், இரண்டு கடை

— எந்திரி ஸ்டெஃபி. நாற்காலிய எடு.

— எந்திரிக்க மாட்டேண்ணா. என்னையும் சேத்து வெச்சுக் கட்டச் சொல்லு.

— டேய் மாது, நீ ஏன்டா அவ மூஞ்சியப் பாத்துக்கிட்டு நிக்கற? கல்ல வெய்யி. கல்லு வந்து கால்ல முட்டுனா தானா எந்திரிப்பா.

— எங்கீங்க மொதலாளி வெக்கறது? ரெண்டு பக்கமும் செவுரு ஏறி வந்தாச்சு. நடுவுல அக்கா ஒக்காந்திருக்கற எடம் மட்டுந்தான் பாக்கி. மடியிலதான் வெக்கணும்.

— வெய்யி மாது. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்.

— கொழுப்பப் பாத்தியா இவளுக்கு? மத்தியானம் வரைக்கும் கடை லீவுன்னு போர்டு மாட்டிட்டு நான் தவிச்சுக்கிட்டு நிக்கறேன். ஃபயர் சர்வீஸ் மேடம் இன்னும் செத்த நேரத்துல வந்துரும். இந்தம்மா நடு வழியில பிளாஸ்டிக் நாற்காலி போட்டு தர்பார் நடத்தறா.

— வரட்டும். ஜெயபிரியா மேடம்தான? வந்து பாக்கட்டும். ஒரே கடைன்னு தெரிஞ்சுக்கட்டும்.

— வாய மூடு. இது ரெண்டு கடை.

— அப்படியா? எப்ப இருந்து?

— அப்பா செத்ததுல இருந்து. அப்பா வியாகுலம் எழுதி வெச்சதுல இந்தப் பாதி லியோனுக்கு, அந்தப் பாதி ஸ்டெஃபிக்குன்னு தெளிவா இருக்குதா இல்லியா?

— எழுதி வெச்சதுல இருக்குது. கடையில இல்ல. வெளிய தொங்கற பலகையில இத்தன நாளும் லியோன் டெக்ஸ்டைல்ஸ்னு மட்டுந்தான் இருந்துச்சு.

— நேத்தே உன் பக்கம் ஸ்டெஃபி சில்க்ஸ்னு பலகை மாட்டியாச்சு. போய்ப் பாரு.

— பாத்தேன். பெயிண்டு கையில ஒட்டுது.

— மொதலாளி, கலவ எறுகுதுங்க. நீங்க பேசறதப் பேசுங்க. அதுக்கு நம்ம பஞ்சாயத்து தெரியாது.

— தண்ணி தெளிச்சுக் கலக்கிக்கிட்டே இருடா. இப்ப எந்திரிச்சுருவா. இங்க பாரு ஸ்டெஃபி, நான் என்ன சொல்ல வர்றேன்னா, இஞ்சினியர் சொன்னது உனக்கும் தெரியும். சின்னக் கடைன்னா செவப்பு சிலிண்டரு, மணல் வாளி, அதோட சரி. அளவு தாண்டிப் பெருசாப் போனாத்தான் மேல கூரை பூரா கொழாய் இழுத்து ஸ்பிரிங்க்ளர் வெக்கணும். என் பாதியத் தனியாப் பாத்தா சின்னக் கடை. உன் பாதியத் தனியாப் பாத்தாலும் சின்னக் கடை.

— ரெண்டையும் சேத்துப் பாத்தா?

— எதுக்குச் சேத்துப் பாக்கறாங்க? நடுவுல செவுரு இருந்தா யாரு சேத்துப் பாக்கப் போறாங்க?

— அந்தச் செவுத்துல இவ்வளவு பெரிய வழிய வுட்டது யாரு? கடை கட்டறப்பவே நீதான வுட்ட? அரூர்ல இருந்து வர்ற கல்யாண கோஷ்டி இந்தப் பக்கம் சுடிதார் பாத்துட்டு அந்தப் பக்கம் பட்டுக்குப் போறதுக்கு வசதியா இருக்கணும்னு நீதான சொன்ன?

— சொன்னேன். இப்ப அடைக்கறேன். அந்தம்மா வந்து பாத்துட்டுப் போனதும் சாயங்காலமே தட்டிவுட்டுருவேன். மறுபடியும் வழி வந்துரும். இதுல உனக்கு எங்க வலிக்குது?

— எனக்கு வலிக்கல. வெண்மதிக்குத்தான் வலிச்சுது.

— ஆரம்பிச்சுட்டா. மாது, இவ அந்த அயர்ன் பாக்ஸ் கதைய ஆரம்பிச்சுட்டாடா.

— கதையா? போன மாசம் மாடியில பொடவைக்கு ஃபால்ஸ் தைக்கிற எடத்துல அயர்ன் பாக்ஸ் காட்டன் குவியல் மேல கவுந்து பொகைஞ்சு பத்திக்கிச்சு. அது கதையா? அத்தன பொண்ணுங்களும் மாடிப்படியில எறங்கி, பட்டு செக்‌ஷன் தாண்டி, இந்த ஒரே வழியில முண்டியடிச்சு ஓடியாந்தாங்க. இதே எடத்துல. நான் ஒக்காந்திருக்கறனே, இதே எடத்துல ஒருத்தி மேல ஒருத்தி விழுந்தாங்க. சித்தேரி மலையில இருந்து வந்த வெண்மதி மட்டும் பொகையில வழி தெரியாம பின்னாடி ஓடிட்டா. தீச்சூட்டுல காஞ்சு கெடந்த இரும்புப் பின் கதவத் தள்ளித் தள்ளிப் பாத்திருக்கறா. தொறக்கல. ஏன் தொறக்கல?

— தெரியாதா உனக்கு?

— நீ உன் வாயால சொல்லு.

— வெல்டு வெச்சிருக்குது. அந்த இரும்புப் படி வழியா பொடவ வெளிய போவுதுன்னு வெல்டு வெச்சேன். என் சரக்கு, என் கதவு, நான் வெல்டு வெப்பேன்.

— ஒரு பொடவ போச்சுன்னு காட்ட முடிஞ்சுதா உன்னால?

— போனதுக்கப்புறம் எப்படிக் காட்டறது?

— மயங்கி விழுந்து கெடந்தவள நான்தான் இழுத்துட்டு வந்தேன். தண்ணி கேனக் கவுத்து தீய அணைச்சது அமுதாவும் மத்த பொண்ணுங்களும். நீ கல்லாவுல இருந்து ஓடியாந்து மொத மொத என்ன கேட்ட தெரியுமா? பட்டுல பொக வாசன புடிச்சிருச்சான்னு கேட்ட.

— கேப்பேன். நாலு நாள்ல முகூர்த்தம் இருந்துச்சு. பொக வாசன அடிக்கிற பொடவய எவன் வாங்குவான்? அந்தப் பொண்ணுக்கு ஆஸ்பத்திரி செலவு யாரு பாத்தது? நான்தான? தூக்கிப் போட்டுட்டனா?

— பாத்த. பாத்துட்டு மறுபடியும் அதே மாடியில, அதே அயர்ன் பாக்ஸுக்குப் பக்கத்துல ஒக்கார வெச்சுட்ட. கதவும் அதே மாதிரி இருக்குது.

— உனக்கு என்னதான் வேணும்? ஒரே வார்த்தையில சொல்லு.

— கொழாய் இழு. மேல, கீழ, ரெண்டு பக்கமும். ஒரே கடைன்னு ஒத்துக்கிட்டு ஸ்பிரிங்க்ளர் வெய்யி. இப்பவே எந்திரிச்சுடறேன்.

— வெச்சுட்டு? ஒருத்தன் பாத்ரூம்ல பீடி பத்த வெப்பான். மேல இருந்து மழ மாதிரி கொட்டும். காஞ்சிபுரம், ஆரணி எல்லாம் ஊறிக் கெடக்கும். அதத் துவைச்சுக் காயப் போட்டு தள்ளுபடியில விக்கறதா?

— பீடிக்கெல்லாம் கொட்டாதுண்ணா. அந்தக் கொழாய் மூக்குல ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பி இருக்குது. நெருப்புச் சூடு ஏறி அது வெடிச்சாத்தான் தண்ணி வரும். அதுவும் எரியற எடத்துக்கு மேல இருக்கற மூக்கு மட்டும். மத்தது சும்மா இருக்கும்.

— யாரு சொன்னது?

— மேடம்தான் சொன்னாங்க.

— எந்த மேடம்? ஏய், நீ அவுங்ககிட்டப் பேசுனியா? எப்ப பேசுன? அந்தப் பொட்டு நெருப்புக்கு அவுங்க எதுக்குத் தேடிக்கிட்டு வர்றாங்கன்னு யோசிச்சேன். நீதான் மனு போட்டியா?

— வெண்மதியப் பாக்க ஆஸ்பத்திரிக்கு வந்தாங்க. தீக்காயம்னா அவுங்களுக்கும் சொல்லுவாங்களாம். அங்க நான் இருந்தேன். கேட்டாங்க, சொன்னேன். நான் தேடிப் போகல. தேடிப் போயிருக்கணும்.

— பாத்தியா மாது? கூடவே வெச்சுச் சோறு போட்டதுக்கு இதான் மரியாதை.

— என்னைய இதுல சேக்காதீங்க மொதலாளி. நான் நல்லாம்பள்ளி போயி எங்கூட்டுக்காரிகிட்டயே இன்னைக்கு நல்ல பேரு வாங்கணும்.

— சோறு போட்டியா? எந்தச் சோறு?

— பின்ன என்ன? கம்பைநல்லூர்ல புளி மண்டி வெச்சு முழுவுனானே உன் புருஷன், அவன் போய்ச் சேந்ததும் பொட்டிய தூக்கிக்கிட்டு எங்க வந்த? இங்கதான வந்த? மாடியில தைக்கற பொண்ணுங்கள மேய்க்கற மேஸ்திரி வேல யாரு குடுத்தது?

— என் பாதியில எனக்கே வேல குடுத்த. பெரிய மனசுண்ணா உனக்கு.

— உன் பாதியா? அப்பா உனக்கு எழுதி வெச்சப்ப அங்க என்ன இருந்துச்சு? வேலிக்காத்தான் முள்ளு. அந்த எடத்துல கட்டடம் ஏத்தி, கண்ணாடி போட்டு, பொம்மைய நிக்க வெச்சு, பட்டு அடுக்கி வெச்சது யாரு?

— நீதான். இல்லன்னு சொல்லல.

— அப்புறம்?

— அப்புறம் என்ன அப்புறம்? ஆடிட்டரு சொன்னாருன்னு என் பேர்ல ஒரு கம்பெனி ரெஜிஸ்டர் பண்ணுன. கையெழுத்துப் போடுன்ன, போட்டேன். பட்டு எல்லாம் என் பேர்ல பில்லு வருது. பட்டு வித்ததும் என் பேர்ல. எதுக்குன்னு நான் கேட்டனா? வரிக்கணக்குல ரெண்டு கடைன்னு காட்டறதுக்குன்ன, சரின்னேன். எல்லாத்துக்கும் சரின்னு சொன்னேன். ஒரே ஒரு கொழாய் கேட்டா மட்டும் கம்பைநல்லூரு, புளி மண்டின்னு இழுக்கற.

— ஒரே ஒரு கொழாயா? தொட்டி வேணும், மோட்டாரு வேணும், தனியா ஜெனரேட்டரு வேணும். காவேரித் தண்ணி என்னைக்கு வருதுன்னு வாரக் கணக்குல வாயப் பொளந்துக்கிட்டு இருக்கற ஊரு இது. நான் தொட்டி நெறைய தண்ணிய ரொப்பி, தீ வருமா தீ வருமான்னு காவல் காக்கணும். அக்கம்பக்கத்துல கொடத்தோட வந்து நிப்பாங்க, அவுங்களுக்கும் இல்லன்னு சொல்லணும்.

— சொல்லு. தீக்குன்னு வெச்ச தண்ணின்னு சொன்னா புரிஞ்சுக்குவாங்க. உன்னைய மாதிரி இல்ல.

— இந்தக் கடைக்கு அதெல்லாம் தேவையே இல்ல. ஃபாதர் வந்து மந்திரிச்ச கடை இது. மூல முடுக்கெல்லாம் தீர்த்தம் தெளிச்சிருக்குது.

— தீர்த்தம் தெளிச்சா ஒத்துக்கற. கொழாய்ல தெளிச்சாத்தான் வலிக்குது.

— ஏய், சாமி விசயத்துல வெளாடாத.

— நீ வெளாடாத. ஃபாதர் மாடிக்குப் போகவே இல்ல. படி ஏற முட்டி வலின்னு கீழயே தெளிச்சுட்டுப் போனாரு. நான் கூடவே இருந்தேன்.

— அக்கா சொல்றது வாஸ்தவந்தானுங்க. அன்னைக்கு நானும் இருந்தேன். கேக்கு குடுத்தாங்க.

— மாது, நீ கலவைய மட்டும் கிண்டு.

— கிண்டிக்கிட்டேதானுங்க இருக்கறேன். இது இன்னும் கொஞ்ச நேரத்துல கல்லாவே ஆயிடுமுங்க.

— கடைசியாச் சொல்றேன் ஸ்டெஃபி. அந்தம்மா வந்து இந்த வழியப் பாத்துச்சுன்னா கடைக்கு சீல். ஒரே வார்த்த, சீல். முகூர்த்தம் தலைக்கு மேல நிக்குது. உன் மலைக்காரப் பொண்ணுங்க அத்தன பேரும் மூட்டையக் கட்டிக்கிட்டு மறுபடியும் சித்தேரிக்கு பஸ் ஏறணும். சாமை அறுக்கப் போகட்டும். அதான் உனக்கு சந்தோசமா?

— பஸ் ஏறுனா வூட்டுக்குப் போவாங்க. மாடியிலயே கெடந்தா எங்க போவாங்க?

— நாற்காலியோட தூக்கிப் போட்டுருவேன்.

— தூக்கு. தொட்டுத் தூக்கு பாப்போம். மேல பொண்ணுங்க எல்லாம் படியில நின்னு பாத்துக்கிட்டுதான் இருக்கறாங்க.

— மொதலாளி, போனு அடிக்குதுங்க. உங்க சட்டப் பாக்கெட்டுல.

— யாரு... ஐயோ. வந்துட்டாங்க போல. ஸ்டெஃபி, தயவு செஞ்சு வாயத் தொறக்காத. மேடம், வணக்கங்க. லியோன்தாங்க. ஆமாங்க, கடையிலதான் இருக்கறேன். எங்கீங்க, பஸ் ஸ்டாண்டு தாண்டியாச்சுங்களா? வாங்க வாங்க, காத்துக்கிட்டு இருக்கறேன்... ஒரே கடைன்னு சொன்னாங்களா? யாருங்க சொன்னது? இல்லீங்க மேடம். அது வேற கடைங்க. ஸ்டெஃபி சில்க்ஸ். என் தங்கச்சியோடது... கூடப் பொறந்ததுதாங்க, ஆனா பேச்சுவார்த்த கெடையாதுங்க. சொத்துப் பிரிச்சதுல இருந்து மூஞ்சியில முழிக்கறது இல்ல... சரக்கா? அது அவ சரக்குங்க. என் பேர்ல பில்லே வராதுங்க, வேணும்னா பாத்துக்கங்க. அந்தப் பக்கம் ஒரு கர்ச்சீப்பு கூட என்னுது கெடையாதுங்க மேடம்... மாடியில தைக்கறவங்களா? அவ வெச்ச ஆளுங்க. நமக்குச் சம்மந்தமில்லீங்க... எழுதியா? எழுதித் தரேங்க. நீங்க வந்ததும் உங்க முன்னாடியே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரேன். அதுக்கென்னங்க. சரிங்க. வாங்க மேடம்.

— முடிஞ்சுதா?

— முடிஞ்சுது. வழியில ஒரு பெட்ரோல் பங்க்கு பாக்கணுமாம். பாத்துட்டு நேரா இங்க வருது. இப்பவாவது எந்திரிக்கறியா?

— ஒரு கர்ச்சீப்பு கூட உன்னுது இல்லியாண்ணா?

— பேச்சுக்குச் சொன்னது. உடனே புடிச்சுக்குவியே.

— மூஞ்சியில முழிக்கறது இல்லியா?

— முழிக்கறனே, தெனம் முழிக்கறனே, அதான் இந்தக் கேடு. இப்ப உனக்கு என்ன, மன்னிப்புக் கேக்கணுமா?

— வேண்டாம்.

— அப்புறம்?

— எந்திரிச்சுடறேன்.

— என்னது?

— எந்திரிச்சுடறேன்னு சொன்னேன். மாது, இந்த நாற்காலிய அந்தப் பக்கமாப் போடு.

— மொதலாளி, அக்கா எந்திரிச்சுட்டாங்க. நான் கனவு காணல இல்ல?

— இரு மாது. கல்லத் தூக்காத. அண்ணா, எந்திரிச்சுட்டேன், ஆனா ஒரு விசயம். செவுரு ஏறுனா மேல இருக்கற பொண்ணுங்க வெளிய வர்றதுக்கு வழியே இல்ல. என் பக்கத்து முன் ஷட்டர் எப்பவும் பூட்டியே கெடக்குது, பின்னாடி வெல்டு. ரெண்டையும் தொறக்கணும். அதுக்கப்புறம் கட்டு.

— ஷட்டர் எப்படியும் தொறந்துதான ஆகணும். அந்தம்மா உன் கடைக்குள்ள எப்படி வரும்? இந்தா சாவி.

— பின் கதவு?

— அது எதுக்கு இப்ப?

— அந்தக் கதவுலதான் வெண்மதி கை வெந்துச்சு. மேடம் வந்ததும் மொதல்ல அங்கதான் போவாங்க. என் கடைக் கதவு எதுக்கு வெல்டு வெச்சிருக்குதுன்னு கேட்டா, நான் அண்ணன்தான் வெச்சாருன்னு சொல்லவா? மூஞ்சியிலயே முழிக்காத அண்ணன் என் கதவுக்கு எதுக்கு வெல்டு வெச்சாருன்னு கேப்பாங்களே.

— ம். அதுவும் சரிதான். டேய் மாது, பக்கத்துப் பட்டறையில தமிழ்ச்செல்வன் இருப்பான். கட்டிங் மிஷினோட ஓடியாரச் சொல்லு. பின் கதவு, அஞ்சு நிமிச வேல.

— சொல்லிட்டு வர்றனுங்க. அதுவரைக்கும் அந்தச் சட்டியில ஒரு கை தண்ணி தெளிச்சு வுடுங்க மொதலாளி.

— நானா?

— நான் தெளிக்கறேன் மாது. நீ போ. அண்ணா, இப்ப நான் அந்தப் பக்கம் ஒக்காரணுமா?

— ஆமா. நல்லா கல்லாவுல போய் ஒக்காரு. கடைக்காரி மாதிரி ஒக்காரு. மேஸ்திரி மாதிரி மொறச்சுக்கிட்டு நிக்காத. இவ்வளவு நேரம் இந்தப் புத்தி எங்க போச்சு உனக்கு?

— மேடம் என்ன கேப்பாங்க?

— அப்படிக் கேளு. இந்தக் கடை யாருதும்பாங்க. என்னுதுன்னு சொல்லு.

— என்னுது.

— பட்டு யாருது?

— என்னுது.

— பொண்ணுங்க?

— நான் வெச்ச ஆளுங்க.

— பக்கத்துக் கடை லியோன் யாரு?

— அண்ணன். ஆனா பேச்சுவார்த்த கெடையாது.

— அப்படி. கொஞ்சம் கோவமாச் சொல்லு, நம்பட்டும்.

— அதுக்கு நடிக்க வேண்டியது இல்லண்ணா. சரி, பட்டு அலமாரி சாவி?

— அது எதுக்கு?

— கடைக்காரின்னு ஒக்காந்திருக்கறேன். அலமாரியத் தொறந்து காட்டுன்னு சொன்னா, சாவி பக்கத்துக் கடையில இருக்குதுங்க மேடம்னு சொல்லவா?

— அந்தம்மா தீ பாக்க வர்றவங்க. பொடவ பாக்க வர்றவங்க இல்ல.

— அலமாரி பூரா துணி. துணிதான் எரியும். தொறக்கச் சொன்னாங்கன்னா?

— சொல்லமாட்டாங்க.

— சரி, வெச்சுக்க. சொன்னா நான் இந்தச் செவுத்துல கல்ல எடுத்துட்டு ஓட்ட வழியா உன்கிட்ட வாங்கிக்கறேன்.

— விதண்டாவாதம். பொறந்ததுல இருந்து விதண்டாவாதம். இந்தா புடி. எல்லாம் ஒரே கொத்துல இருக்குது. ஒண்ணு தொலைஞ்சா தோல உரிச்சுருவேன். பில் போடற மிஷின் அந்தப் பக்கந்தான் இருக்குது, ஆன் பண்ணி வெய்யி. நிஜக் கடை மாதிரி தெரியட்டும்.

— தமிழ்ச்செல்வன் வந்துட்டானுங்க மொதலாளி. பின்னாடியே போயிட்டான். சத்தம் கேக்குதுங்களா? அறுக்கறான்.

— கேக்குது. நீ ஆரம்பி. வேகமா, வேகமா. பூச வேண்டாம், கல்ல மட்டும் அடுக்கு. மேல ஒரு பச்சத் துணிய தொங்கவுட்டுக்கலாம்.

— ஈரம் தெரியுமுங்களே?

— ரிப்பேர் பண்ணுனேன்னு சொல்லிக்கறேன். எந்தச் செவுத்துக்குத்தான் ரிப்பேர் வரல? வெய்யிடா.

— தள்ளிக்கங்கக்கா. கால் மேல கலவ விழும்.

— வெய்யி மாது. நேரா வெய்யி. தூக்குக் குண்டு பாத்து வெய்யி.

— கேட்டியாடா? சாயங்காலம் இடிக்கப் போற செவுத்துக்கு தூக்குக் குண்டு வேணுமாம் இவளுக்கு.

— வேலைன்னா ஒழுங்கா இருக்கணும்ல மொதலாளி. அக்கா சொல்றது நல்லதுதானுங்க.

— ஸ்டெஃபி, கேக்குதா? மூஞ்சி மறைஞ்சு போச்சே. நிம்மதியா இருக்குதுடா மாது. இத்தன வருசத்துல இவ மூஞ்சியப் பாக்காம பேசறது இதான் மொத தடவ.

— எனக்கும் அப்படித்தாண்ணா இருக்குது.

— பொண்ணுங்கள கீழ எறக்கு. மாடியில எட்டிப் பாத்துக்கிட்டு நிக்கப் போறாளுங்க. அந்தம்மா பொண்ணுங்ககிட்டக் கேட்டா என்ன சொல்றதுன்னு சொல்லிக் குடுத்தியா?

— சொல்லிக் குடுக்க ஒண்ணுமில்ல. ஸ்டெஃபிக்கா கடையில வேல செய்யறோம்னு சொல்லுவாங்க. இத்தன நாளும் அப்படித்தான் சொல்லிக்கிட்டு இருந்தாங்களாம். எனக்கே இப்பதான் தெரியும்.

— சொல்லட்டும், சொல்லட்டும். இன்னைக்கு ஒரு நாளைக்கு என்ன வேணா சொல்லட்டும். கதவு தொறந்தாச்சா?

— தொறந்தாச்சு. வெண்மதி வெளிய போய் இரும்புப் படியில நின்னுட்டு மறுபடியும் உள்ள வந்தா. மறுபடியும் போறா. மறுபடியும் வர்றா.

— அவளுக்கு என்ன கிறுக்கா?

— இல்லண்ணா. தொறக்குதான்னு பாக்கறா.

— சரி சரி. அந்தம்மா போனதும் மறுபடியும் வெல்டு வெக்கணும், தமிழ்ச்செல்வன அனுப்பிடாத. மாது, இன்னும் எவ்வளவு?

— இன்னும் ஒரே வரிசைதானுங்க. அதுலயும் நடுவுல ஒரு கல்லு. அதுக்கு மேல உத்தரம் வந்துரும்.

— நல்லது. ஸ்டெஃபி, இனிமே சத்தமாப் பேசாத. ரெண்டு கடைக்காரங்க செவுத்து வழியா பேசிக்க மாட்டாங்க. அந்தம்மா போனதும் நான் தட்டறேன். தமிழ்ச்செல்வன் இன்னும் அங்க என்ன பண்றான்? டேப்பு இழுக்கற சத்தம் கேக்குதே.

— மாடிக்கூரைய அளந்துக்கிட்டு இருக்கறான்.

— எதுக்கு?

— கொழாய்க்கு. ஸ்பிரிங்க்ளர் மாட்டற கம்பெனிக்காரன் சேலத்துல இருக்கறானாம். அளவு அனுப்புனா நாளைக்கே வந்துருவானாம்.

— என்ன உளர்ற? சின்னக் கடைக்கு அதெல்லாம் தேவையே இல்லன்னு இப்பத்தான சொன்னேன். சட்டமே கேக்கலடி.

— சட்டம் கேக்கல. வெண்மதி கேக்கறா.

— எந்தக் காசுல போடுவ? உன்கிட்ட ஏது காசு?

— முகூர்த்தம் வருதுல்ல. பட்டு வித்த காசுல.

— என் பட்ட எடுத்து விக்கறதுக்கு... ஏய். ஸ்டெஃபி. சாவியக் குடு. மாது, நிறுத்து, கல்ல வெக்காத. இந்த ஓட்ட வழியா சாவிய நீட்டு ஸ்டெஃபி. அத்தன பட்டும் நான் போட்ட மொதலு. அந்தப் பட்டு என்னுது.

— அத மேடம்கிட்டச் சொல்லுண்ணா, வாசல்ல ஜீப்பு வந்து நின்னுடுச்சு. மாது, அந்தக் கடைசிக் கல்ல வெய்யிப்பா.